பூஜ்யத்தை எப்போது நம்பலாம்? ஆப்பிரிக்காவின் போலியோ கண்காணிப்பு

ஒரு மாவட்டத்தில் ஆண்டு முழுக்க ஒரு போலியோ நோயாளிகூட இல்லை என்று அறிக்கை வருகிறது. நோய் உண்மையிலேயே அங்கே இல்லாமல் இருக்கலாம். அல்லது நோய் இருந்தும் யாரும் தேடாமல் விட்டிருக்கலாம். காகிதத்தில் இரண்டுமே "0" என்றுதான் தெரியும். இது எந்த வகைப் பூஜ்யம் என்று பிரித்துக் காட்டுவதுதான் நோய்க் கண்காணிப்பின் கடினமான வேலை. நோயாளிகளை எண்ணுவது அதைவிட எளிது.

நைஜீரியாவுக்கு இந்த வேறுபாடு 2016இல் உறைத்தது. 2014 ஜூலைக்குப் பிறகு அந்த நாட்டில் காட்டு போலியோ வைரஸால் (இயற்கையில் பரவும் அசல் வகை) முடங்கிய குழந்தை எதுவும் பதிவாகவில்லை. 2015 செப்டம்பரில், போலியோ விடாமல் புழங்கும் நாடுகளின் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் நைஜீரியாவை நீக்கியது. ஓராண்டுகூட ஆகவில்லை. 2016 ஆகஸ்டில் வடகிழக்கு மூலையிலுள்ள போர்னோ மாநிலத்தில் இரண்டு குழந்தைகளுக்கு நோய் உறுதியானது. வைரஸின் மரபணுவைப் படித்தபோது அதன் நெருங்கிய உறவு கடைசியாகக் கண்ணில் பட்டது 2011இல் என்று தெரிந்தது. ஐந்தாண்டு காலம் அது போர்னோவில் குழந்தைக்குக் குழந்தை தாவிக்கொண்டே இருந்திருக்கிறது. போகோ ஹராம் என்ற ஆயுதக் குழுவின் பிடியிலிருந்த ஊர்களுக்குள் எந்தச் சுகாதாரப் பணியாளரும் போக முடியவில்லை. அங்கிருந்து தகவல் வரவில்லை. வராத தகவல் கணக்கில் பூஜ்யமாக நின்றது.

இந்தக் குழப்பத்துக்கு நோயின் இயல்பே பாதிக் காரணம். போலியோ வைரஸ் தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் முடங்கும். மற்றவர்களில் பலருக்கு எதுவுமே தெரியாது; சிலருக்குச் சாதாரணக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து போகும். ஆனால் அத்தனை பேரும் மலத்தில் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். ஆக, ஒரு குழந்தையைத் தவறவிட்டால் தவறிப்போவது ஒரு குழந்தை மட்டுமல்ல, அதன் பின்னால் இருக்கும் இருநூறு பேரின் தொற்று.

போலியோவைத் தேடாதே, தளர்வாதத்தைத் தேடு

"போலியோ கண்டால் தெரிவிக்கவும்" என்று மருத்துவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினால் போதாதா? போதாது. நோயாளியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு சிற்றூர் சுகாதார நிலையத்தின் செவிலியர். "இது போலியோவா இருக்காது, ஊசி போட்டதால் வந்த கால் பலவீனம்" என்று அவர் மனதில் தீர்ப்பு எழுதிவிட்டால் அந்தக் குழந்தை கணக்கில் வராது. அந்தத் தீர்ப்பை அவர் கையில் விடாமல் இருப்பதற்காகவே ஏ.எஃப்.பி. என்ற வரையறை வந்தது. தமிழில் திடீர்த் தளர்வாதம் எனலாம். 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் கையோ காலோ திடீரென்று வலுவிழந்து துவண்டுபோனால், காரணம் எதுவாக இருந்தாலும் தெரிவித்துவிட வேண்டும். வயது கூடியவரென்றால், மருத்துவருக்குப் போலியோ சந்தேகம் இருந்தால் தெரிவிக்க வேண்டும். அது போலியோவா என்பதை ஆய்வகம் முடிவு செய்யும்.

கில்லன்-பாரே நோய், முதுகுத்தண்டு அழற்சி, போலியோவின் உறவினர்களான வேறு குடல் வைரஸ்கள் என்று தளர்வாதத்துக்குக் காரணங்கள் பல. ஆப்பிரிக்காவில் அடிக்கடி காணப்படும் இன்னொரு காரணம், மலேரியாக் காய்ச்சலுக்குப் புட்டத்தில் போடும் ஊசி இடம் தவறி இடுப்பு நரம்பில் படுவது. இதைத் தெரிவிக்கப் பணியாளர்கள் தயங்குவார்கள்: காரணம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு ஒரு பக்கம், பழி தன் மேல் விழுமே என்ற பயம் மறுபக்கம். ஆனால் போலியோ தொற்றிய குழந்தைக்கு அந்த நேரத்தில் தசையில் ஊசி போட்டால், ஊசி போட்ட காலே முடங்கும் வாய்ப்புக் கூடும். ஊசிதான் காரணம் என்று சொல்லி ஒதுக்கிய குழந்தைக்குள் போலியோவே இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் வேறொரு இடத்தில் இருக்கிறது. போலியோ அறவே இல்லாத நாட்டிலும், 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்காவது வேறு காரணங்களால் தளர்வாதம் வரத்தான் செய்யும். கடலில் சுறா இருக்கிறதா என்று வலை வீசுகிறீர்கள். வலையில் சுறா இல்லை, ஆனால் சாளையும் காரலும் நிறைய. அப்படியானால் வலை நன்றாக இருக்கிறது. சுறா இல்லை என்பதை ஓரளவு நம்பலாம். சாளைகூட இல்லையென்றால் கடலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, வலையில் ஓட்டை. போலியோ அல்லாத தளர்வாதங்கள்தான் இங்கே சாளை.

எனவே கண்காணிப்பின் முதல் அளவுகோல் போலியோ எண்ணிக்கை அல்ல. போலியோ இல்லை என்று கழிக்கப்பட்ட தளர்வாதங்கள் லட்சத்துக்கு எத்தனை என்பதே. உலக அளவில் குறைந்தபட்ச இலக்கு 1. ஆபத்து அதிகமுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் 2. நோய் வெடித்த இடங்களில் 3.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாநிலத்தில் 15 வயதுக்குட்பட்டோர் 20 லட்சம். இலக்கு 2 என்றால் ஆண்டுக்கு 40 தளர்வாதங்களாவது வர வேண்டும். ஆறு மாதத்தில் 12 வந்திருந்தால் அதை இரட்டித்துத்தான் பார்க்க வேண்டும்: ஆண்டுக்கு 24, அதாவது லட்சத்துக்கு 1.2. போதவில்லை.

சிறிய மாவட்டத்தில் இதே கணக்கு ஏமாற்றும். 50,000 குழந்தைகள் உள்ள மாவட்டத்தில் எதிர்பார்ப்பதே ஆண்டுக்கு ஒன்று. அங்கே ஒன்றுமே வராமல் போவதற்குத் தற்செயலாகவே சுமார் 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு. உடனே அந்த அலுவலரைக் கண்டிப்பது நியாயமில்லை. 3 லட்சம் குழந்தைகள் உள்ள மாவட்டத்தில் ஆறு வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லையென்றால் தற்செயல் என்று சொல்ல முடியாது. அது ஆயிரத்தில் இரண்டு மூன்று முறை நடக்கக்கூடியது. அங்கே போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. நைஜீரியாவில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2006இல். அதன் பிறகு எல்லாமே மதிப்பீடு. சண்டையால் ஊரே காலியாகி முகாமுக்குப் போயிருந்தால், காலியான மாவட்டத்தின் விகிதம் தாழ்ந்தும் முகாமுள்ள மாவட்டத்தின் விகிதம் உயர்ந்தும் தெரியும், இரண்டுமே பொய். சராசரியும் மறைக்கும். 2015இல் நைஜீரியாவின் தேசிய விகிதம் இலக்கைவிடப் பல மடங்கு. போர்னோவின் ஓட்டை அதற்குள் தெரியாமல் போனது.

வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு

தகவல் வந்து சேரும் வழிகள் இரண்டு. சுகாதார நிலையங்கள் வாரந்தோறும் தாமாக அனுப்பும் அறிக்கை ஒன்று. ஒன்றும் இல்லாவிட்டாலும் "0" என்று எழுதி அனுப்ப வேண்டும். கட்டத்தை வெறுமனே விட்டால் அது "அறிக்கை வரவில்லை" என்ற கணக்கில் சேரும். நல்ல விதிதான். பார்க்காமலே பூஜ்யம் போடும் பழக்கத்தை அது தடுக்காது. நான்கு வாரத்துத் தாள்களை ஒரே நாளில், ஒரே பேனாவில் நிரப்பி வைப்பது எந்த நாட்டிலும் புதிதல்ல.

அதனால் இரண்டாவது வழி, நேரில் போய்த் தேடுவது. பெரிய மருத்துவமனைகளுக்கு வாரம் ஒருமுறை, நடுத்தரமானவற்றுக்கு மாதம் இருமுறை, சிறியவற்றுக்கு மாதம் ஒருமுறை கண்காணிப்பு அலுவலர் போக வேண்டும். நைஜீரியாவில் 774 உள்ளாட்சிப் பகுதிகளிலும் இதற்கென ஓர் அலுவலர் உண்டு. அவர் பொறுப்பாளரிடம் "ஏதாவது வந்ததா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினால் வேலை நடக்காது. குழந்தைகள் வார்டு, புறநோயாளிப் பிரிவு, இயன்முறை மருத்துவப் பிரிவு ஆகியவற்றின் பதிவேடுகளை வரி வரியாகப் படிக்க வேண்டும். "தளர்வாதம்" என்று அங்கே யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். "கால் பலவீனம்", "நடக்க முடியவில்லை", "கழுத்து நிற்கவில்லை" என்றுதான் இருக்கும். பார்த்து முடித்ததும் கடைசி வரியின் கீழ் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுவார். அடுத்த முறை அங்கிருந்து தொடங்கலாம், மேலதிகாரியும் சரிபார்க்கலாம்.

பதிவேட்டுக்கே வராத குழந்தைகள்தான் பெரிய தலைவலி. கால் துவண்ட குழந்தையைத் தாய் முதலில் கொண்டுபோவது எலும்பு கட்டும் வைத்தியரிடமோ, மூலிகை வைத்தியரிடமோ, பிரார்த்தனை செய்பவரிடமோதான். அங்கே பத்து நாள் போய்விட்டால் பரிசோதனைக்கான காலம் நழுவிவிடும். ஆகவே அவர்களையே தகவலாளர்களாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். வைத்தியரைக் குறை சொல்லாமல், "நீங்கள் வைத்தியம் பாருங்கள், எங்களுக்கு ஒரு போன் மட்டும் போடுங்கள்" என்று கேட்கும் அலுவலரின் பகுதியில் எண்ணிக்கை தானாக ஏறும்.

இரண்டு டப்பா மலம்

தகவல் வந்த 48 மணி நேரத்துக்குள் குழந்தையை நேரில் பார்க்க வேண்டும். முடக்கம் தொடங்கிய தேதி மிக முக்கியம். மாதிரி எடுப்பதற்கான கெடு அதிலிருந்துதான் எண்ணப்படும். தேதியைக் கேட்டால் தாய்க்கு நினைவிருக்காது. சந்தை நாள், வெள்ளிக்கிழமைத் தொழுகை, விதைப்பு என்று ஊருக்குத் தெரிந்த நாட்களை வைத்துக் கேட்டால் சரியாக வரும்.

பிறகு மல மாதிரி. இரண்டு மாதிரிகள், இடையில் 24 மணி நேரமாவது இருக்க வேண்டும், இரண்டும் முடக்கம் தொடங்கிய 14 நாளுக்குள் எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 8 கிராம், பெரியவரின் இரண்டு கட்டைவிரல் நுனி அளவு. இரண்டு எதற்கு? வைரஸ் மலத்தில் தொடர்ச்சியாக வெளியேறாது, விட்டு விட்டு வரும். முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம். ஒரே மாதிரியை நம்பினால் வைரஸ் வராத நாளில் மாட்டிக்கொள்ளலாம். 14 நாள் கடந்துவிட்டாலும் 60 நாள் வரை எடுத்து அனுப்ப வேண்டும். ஆனால் அது "போதுமான மாதிரி" என்ற கணக்கில் சேராது. நூற்றுக்கு 80 குழந்தைகளுக்காவது போதுமான மாதிரி கிடைத்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது முக்கிய இலக்கு.

டப்பாவைத் திருகி மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, உறிஞ்சும் பஞ்சோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, உறைந்த ஐஸ் பேக்குகள் வைத்த பெட்டிக்குள் அடுக்க வேண்டும். வெப்பம் 8 டிகிரியைத் தாண்டக் கூடாது. விசாரணைப் படிவத்துக்குத் தனிப் பை. சேர்த்து வைத்தால் ஐஸ் உருகிய நீரில் மை கரைந்து, யாருடைய மலம் என்றே தெரியாமல் போகும். நாடு, மாநிலம், மாவட்டம், ஆண்டு, வரிசை எண் சேர்ந்த அடையாள எண் டப்பாவிலும் படிவத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். மலம் கொண்டுபோகும் பெட்டியில் தடுப்பூசி வைக்கவே கூடாது; அதனால்தான் பெட்டியின் மேல் பெரிதாக எழுதி வைக்கிறார்கள். எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். முடியாதென்றால் உறைய வைத்து, உறைந்த நிலையிலேயே அனுப்ப வேண்டும். உருகி மறுபடி உறைந்தால் வைரஸ் சாகத் தொடங்கும்.

காகிதத்தில் இவ்வளவுதான். மழைக்காலத்தில் தெற்கு சூடானிலோ காங்கோவிலோ ஒரு கிராமத்திலிருந்து இதைச் செய்வது வேறு விஷயம். மோட்டார் சைக்கிள், படகு, வாரம் இருமுறை வரும் சிறு விமானம் என்று கை மாறி வரும் பெட்டியில் வழியில் ஐஸ் மாற்ற ஆளிருக்காது.

பெட்டி வழியில் சூடானதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேயும் அதே சாளைக் கணக்கு. வெப்ப நாட்டுக் குழந்தைகளின் குடலில் போலியோ அல்லாத குடல் வைரஸ்கள் இயல்பாகவே திரியும். நல்ல நிலையில் வந்த மாதிரிகளில் பத்தில் ஒன்றிலாவது அவை வளர வேண்டும். ஒரு மாநிலத்திலிருந்து வரும் மாதிரிகளில் அவையும் வளரவில்லையென்றால், அங்கிருந்து வரும் "போலியோ இல்லை" என்ற முடிவையும் நம்புவதற்கில்லை. இருந்த வைரஸ் வழியிலேயே செத்திருக்கலாம்.

ஆய்வகத்தில் மலத்தைக் குளோரோஃபார்மில் கலக்கிப் பாக்டீரியாவைக் கொன்று, தெளிந்த நீரை இரண்டு வகைச் செல்களில் விடுவார்கள். ஆர்.டி. என்ற மனிதச் செல்லில் பலவகைக் குடல் வைரஸ்கள் வளரும். எல்20பி என்பது எலியின் செல். அதில் மனிதப் போலியோ ஏற்பிக்கான (வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் புரதத்துக்கான) மரபணு சேர்க்கப்பட்டிருக்கும், அதனால் பெரும்பாலும் போலியோதான் அதில் வளரும். இதற்குப் பத்து நாளாவது பிடிக்கும். பிறகு பி.சி.ஆர். மூலம் வகை பிரிப்பது, அதன் பிறகு மரபணு வரிசை படிப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பகுதியில் இதற்கென 16 ஆய்வகங்கள் இயங்குகின்றன. இபாதான், மைதுகுரி, டாக்கர், அக்ரா, என்டெபே, நைரோபி, ஜோகன்னஸ்பர்க் போன்ற ஊர்களில் அவை இருக்கின்றன.

மாதிரி போதாத குழந்தையைக் கைவிடுவதில்லை. நெருங்கிப் பழகிய மூன்று குழந்தைகளின் மலத்தையும் எடுப்பார்கள். முடக்கம் வந்து 60 நாள் கழித்து மறுபடி போய்ப் பார்ப்பார்கள். முடக்கம் இன்னும் இருந்தால் தேசிய நிபுணர் குழு கூடி முடிவு செய்யும். போலியோ என்று உறுதி செய்யவும் முடியாமல் கழிக்கவும் முடியாமல் நிற்கும் குழந்தைகளைப் "போலியோவோடு ஒத்துப்போகிறது" என்று வகைப்படுத்துவார்கள். அத்தகையவர்கள் ஓரிடத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் அங்கே கண்காணிப்பு தோற்றிருக்கிறது என்று கொள்ளலாம்.

எண்கள் அளவுக்கு மீறி அழகாக இருந்தாலும் சந்தேகிக்க வேண்டும். இலக்கு வைத்தால் இலக்குக்காகவே எண்கள் பிறக்கும். எல்லாக் குழந்தைக்கும் முடக்கம் தொடங்கி நான்காம் நாளே மாதிரி, எல்லா மாதிரியும் சரியாக 24 மணி நேர இடைவெளியில், ஒன்றுகூடத் தவறவில்லை என்று ஒரு மாவட்டம் சொன்னால், மேற்பார்வையாளர் முகவரியை எடுத்துக்கொண்டு போய்க் குழந்தையைப் பார்க்க வேண்டும். வீட்டில் குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருந்தால், உண்மையிலேயே முடக்கம் இருந்ததா என்று தாயிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். கில்லன்-பாரேயில் குணமாகிவிடுவதும் உண்டு. பார்த்தவுடன் பொய் என்று முடிவு கட்டக் கூடாது.

மரபணுக் கடிகாரமும் சாக்கடையும்

போலியோ வைரஸின் மேலுறைப் புரதங்களில் ஒன்றான வி.பி.1-ஐ உருவாக்கும் மரபணுப் பகுதி சுமார் 900 எழுத்து நீளம். வைரஸ் பரவிக்கொண்டிருக்கையில் அதில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு, அதாவது ஒன்பது எழுத்து, மாறும். புதிதாகப் பிடிபட்ட வைரஸை ஏற்கெனவே தெரிந்த வைரஸோடு ஒப்பிட்டால், எத்தனை காலம் கண்ணில் படாமல் திரிந்தது என்று சொல்லிவிடலாம். வித்தியாசம் 1.5 விழுக்காட்டைத் தொட்டால் அதை அநாதை வைரஸ் என்பார்கள். ஒன்றரை ஆண்டாக அதன் தடத்தை யாரும் பார்க்கவில்லை என்று பொருள். போர்னோவின் ஐந்தாண்டு இப்படித்தான் வெளியே வந்தது.

அநாதை வைரஸ்களைக் குறைக்க இன்னொரு கண் தேவைப்பட்டது. தொற்றியும் முடங்காத அந்த 199 பேரின் வைரஸும் சாக்கடையில்தான் சேரும். நைஜீரியா 2011இல் கானோவில் சாக்கடை நீரைப் பரிசோதிக்கத் தொடங்கியது. ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் பேரின் கழிவு சேரும் இடமாகத் தேர்ந்து, மக்கள் காலைக்கடன் முடிக்கும் அதிகாலை நேரத்தில் ஒரு லிட்டர் நீர் எடுப்பார்கள். அதைச் செறிவாக்கிச் செல்களில் விடுவார்கள். இங்கும் அதே விதி: எடுக்கும் மாதிரிகளில் பாதியிலாவது ஏதோ ஒரு குடல் வைரஸ் வளர வேண்டும். வளராவிட்டால் இடத்தேர்வு தவறு. மேலே ஏதாவது தொழிற்சாலை ரசாயனம் கலக்கலாம். மழைநீர் நீர்க்கச் செய்திருக்கலாம். அந்தக் கால்வாயில் மனிதக் கழிவே சேராமல் இருக்கலாம். இடத்தை மாற்ற வேண்டியதுதான். சாக்கடை இல்லாத கிராமங்களுக்கு இந்த வழி உதவாது. வைரஸ் யாருடையது என்றும் அது சொல்லாது.

போர்னோவில் வேறு வழிகளும் தேவைப்பட்டன. போக முடியாத ஊர்களில் மனிதர்கள் வசிக்கிறார்களா என்று செயற்கைக்கோள் படங்களில் பார்த்தார்கள். உள்ளே போய்வரக்கூடிய உள்ளூர்க்காரர்களை வைத்து மாதிரிகளை வெளியே கொண்டுவந்தார்கள். 2016 ஆகஸ்டுக்குப் பிறகு அங்கே காட்டு வைரஸால் முடங்கிய குழந்தை எதுவும் பதிவாகவில்லை. 2020 ஆகஸ்ட் 25 அன்று ஆப்பிரிக்கப் பகுதி காட்டு போலியோவிலிருந்து விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. சொட்டு மருந்திலுள்ள வலுவிழந்த வைரஸ் உருமாறிப் பரவும் வகை அங்கே இன்னும் இருக்கிறது. அதையும் இதே வலைதான் பிடிக்கிறது.

சான்றிதழுக்குப் பிறகு வலை தளர்வது இயல்பு. கொரோனாக் காலமும் சேர்ந்துகொண்டது. 2021 நவம்பர் 19 அன்று மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் மூன்று வயதுப் பெண் குழந்தைக்குக் கால் முடங்கியது. 26, 27 தேதிகளில் மல மாதிரி எடுத்தார்கள். 14 நாள் கெடுவுக்குள்தான். அதன் பிறகு தாமதம். தென்னாப்பிரிக்க ஆய்வகத்தில் வரிசை படிக்கப்பட்டு, காட்டு வைரஸ் என்று மலாவி அரசு அறிவித்தது 2022 பிப்ரவரி 17 அன்று. முடங்கிய நாளிலிருந்து சரியாக 90 நாள். மலாவியில் கடைசியாகக் காட்டு போலியோ இருந்தது 1992இல். இந்த வைரஸின் உறவோ பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2019-20இல் புழங்கியது. அங்கிருந்து எந்த வழியாக வந்தது என்பதற்குத் தடம் இல்லை, இடைப்பட்ட காலத்தில் எந்த வலையிலும் அது விழவில்லை.

அண்டை நாடான மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2022இல் எட்டுக் குழந்தைகள் முடங்கினார்கள். கடைசிக் குழந்தை ஆகஸ்டில். பரவல் முடிந்தது என்று அறிவிக்க 2024 மே வரை காத்திருந்தார்கள். அந்த 21 மாதமும் இரு நாட்டு அலுவலர்களும் போலியோ இல்லாத தளர்வாதக் குழந்தைகளைத் தேடிப் பிடித்து, இரண்டிரண்டு டப்பாக்களாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.